ஸ்டியரிங் நடந்த தூரம்

இன்று மாலை ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தம்பி, என் மணிக்கட்டில் அவன் கட்டிவிட்ட பழைய வாட்ச்.

நான் பஸ் ஓட்டுகிறேன். இன்னும் பத்தொன்பது நாளில் டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. போன தடவை சர்க்கரை இருநூற்று எண்பது. இந்தத் தடவையும் அப்படியே இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். பயணிகள் விட்டுப்போன குடைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தேன். முதல் வாரம் நாளுக்கு நாலாயிரம் அடி வந்தது. அதை மச்சானிடம் சொன்னதுதான் தப்பு. அவன் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். தன் போனை நீட்டினான்: பதினாலாயிரம். மறுநாள் காலை ஷூவுக்குள் காலை விடும்போதே அந்த எண் கண்முன் வந்து நின்றது. தலைகீழாக நின்றாலும் அவனில் பாதி வராது என்றால் எதற்கு வியர்க்க வேண்டும்? உட்கார்ந்துவிட்டேன்.

பாவம் பார்த்து, நடக்கிற அடிகளை எண்ணும் இந்த வாட்சைக் கொடுத்தவனும் அவன்தான். கட்டிய முதல் நாள், வேலை முடிந்தபோது பதினேழாயிரம் காட்டியது. டீ குடிக்கப் போனது, பஸ்ஸில் ஏறி இறங்கியது எல்லாம் சேர்ந்திருக்கும் என்று நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. மச்சானை முந்தியாயிற்று, முந்தியவன் எதற்கு நடக்க வேண்டும்? மறுபடியும் உட்கார்ந்தேன். ஆறு வாரம். பெல்ட் ஒரு துளை தள்ளிப் போனபோது பெல்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.

இன்று மனைவி என் கையைப் பிடித்து, வாட்சில் பழைய கணக்குகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நேற்று எனக்கு லீவு. நேற்றைய கணக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

"வேலைக்குப் போனா பதினேழாயிரம். லீவுன்னா அறுநூறா?"

மச்சான் வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டான். சோபாவில் உட்கார்ந்தபடியே காற்றில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினான். எண் ஏறிக்கொண்டே போனது. சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"மாமா, இத்தன நாளா உங்க கைதான் நடந்திருக்கு."

பத்தொன்பது நாள். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் என்றால் அவன் ஒரே வாரத்தில் நடந்து முடிப்பதைக்கூட நான் தொடமாட்டேன். அதை வாய்விட்டே சொன்னேன். இனிமேல் நடந்து இவனைப் பிடிக்கவா முடியும்?

"இவனைப் பிடிக்கச் சொல்லி யாரு கேட்டா? சுகரைக் குறைக்கத்தானே சொன்னாங்க."

துணைக்கு வருவதாக மச்சான் எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ உக்காருடா. நீ கூடப் போனா இவரு ரோட்டப் பாக்கமாட்டாரு, உன் காலத்தான் பாப்பாரு."

என் சட்டைப்பையிலிருந்து போனையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் ஷூவைப் போட்டேன். ஒருவேளை நடந்தும் குறையாவிட்டால் என்று கேட்கத் திரும்பினேன். அரை மணி நேரம் கழித்து வந்து தட்டுங்கள் என்று சொல்லி, என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று திரும்பியது.