ஆர்லோ செய்த உதவி

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடைக் கவுன்டரில் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்று மரியாதையாகச் சொல்கிறேன். போன வருடம் செப்டம்பர் கடைசியில், ஒரே வாரத்தில், இரண்டு பேர் ஒரே சம்பவத்தை என்னிடம் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஆர்லோ டீட்ஸ் சொன்னபோது அது நல்ல செய்தி. வியாழக்கிழமை வெல்மா ஸ்டானிக் சொன்னபோது அதே செய்தி துக்கம். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இந்த ஊரில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாத்திரை கொடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பென்சில்வேனியாவின் இந்த மலையடி ஊருக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம். சேதுராமன் இங்கே ‘சேத்’ ஆகிவிட்டான்.

2

தொடக்கங்கள்.

‘இலையுதிர்கால வெயில் ஓக் மரங்களின் ஊடே தங்கமாக வழிந்து’ [நிறுத்திவிட்டேன். நாட்காட்டிப் படத்து வெயில் இது. அன்று மேகமூட்டம்.]

‘ஆர்லோ டீட்ஸ் ஒரு கொலைகாரன்.’ [வாசகரை இழுக்கும். ஆனால் பொய்.]

‘வெல்மாவுக்கு அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.’ [சரி. இதுவே இருக்கட்டும்.]

(ஒரு விஷயம். இருவரையும் ‘அவன்’, ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். நேரில் அப்படிப் பேச மாட்டேன். இன்னொன்று: அவர்கள் மொழியில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதுகிறவன் முடிவு செய்தாக வேண்டும். முப்பத்தொரு வருடப் பக்கத்து வீட்டுக்காரர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். ‘நீ’ என்றே வைத்திருக்கிறேன்.)

3

வெல்மா வீட்டுக்கும் ஆர்லோ வீட்டுக்கும் இடையில் இரண்டு பெரிய ஓக் மரங்கள். அவற்றின் அடியில் புல் வளராது. பேருந்து வேலையை விட்ட வருடம் வெல்மா அங்கே காட்டு ஆஸ்டர் போட ஆரம்பித்தாள். இந்த மலைக்காடுகளில் தானாக வளர்கிற செடிதான். இதய வடிவ இலை, முறுக்கிக்கொண்டு போகும் கறுத்த தண்டு, நகத்தளவு வெள்ளைப் பூ. மற்ற பூவெல்லாம் ஓய்ந்தபின், ஆகஸ்ட் கடைசியில்தான் இது பூக்கத் தொடங்கும்.

விதை முளைக்கக் குளிர் வேண்டும். வெல்மா பிளாஸ்டிக் பால் கேன்களைக் குறுக்கே அறுத்து, மண் போட்டு விதைத்து, டேப் ஒட்டிப் பனியில் வெளியே வைத்துவிடுவாள். முதல் வருடம் பதினோரு நாற்று. அதில் பாதியை முயல் தின்றது. கம்பிவலை போட்டாள். ஏழாவது வருடம் அந்தப் பகுதி முழுக்க இடுப்பளவு வெள்ளையாக நின்றது. பூவின் நடுவே உள்ள மஞ்சள், தேனீ வந்து போனபின் அடர் சிவப்பாகிவிடுமாம். “அப்புறம் தேனீ அதைச் சீண்டாது. கடை சாத்தியாச்சுன்னு போர்டு மாட்டின மாதிரி,” என்றாள் என்னிடம்.

பூ முடிந்ததும் அவள் வெட்ட மாட்டாள். விதைக்குக் குருவிகள் வரும். காய்ந்த தண்டுக்குள்ளும் உதிர்ந்த இலைக்கு அடியிலும் சின்னச் சின்ன உயிர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் மார்ச் வரை அந்த இடம் வாராமல், பெருக்காமல், தலை சீவாத மாதிரி கிடக்கும்.

ஆர்லோவின் புல்தரை பக்கத்திலேயே இருக்கிறது. கோடு போட்ட நோட்டு மாதிரி வெட்டியிருப்பான்.

4

ஆர்லோவுக்கு எழுபத்திரண்டு. ரயில் யார்டில் வேலை பார்த்தவன். அவன் மனைவி பெயர் ஜூன். போன வருடம் பிப்ரவரியில் இறந்தாள். அதற்குப் பிறகு அவன் கடைக்கு வருவான், மாத்திரையை வாங்குவான், போவான். வாய் திறக்க மாட்டான்.

[இந்த இடத்தில் அவன் தனிமையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை என்பது போதும்.]

செப்டம்பரில் வெல்மாவுக்கு முட்டி மாற்று அறுவை. மருத்துவமனையும் நடைப்பயிற்சி மையமுமாக இரண்டு வாரம். திரும்பி வந்த நாள், வெளியூரில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகள் கார்லா காரை ஓட்டிவந்தாள். ஆர்லோ வாசலில் நின்றுகொண்டிருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

“வந்துட்டியா! கண்ண மூடு.”

“மூடினா விழுந்துடுவேன், ஆர்லோ.”

“சரி, தொறந்துகிட்டே வா. அந்தப் பக்கம் பாரு.”

ஓக் மரத்தடியில் ஒரு செடி இல்லை. தரையோடு தரையாக வெட்டி, மேலே சிவப்புச் சாயம் போட்ட மரச்சீவலைக் கனமாகப் பரப்பி, சுற்றிலும் வெள்ளைக் கல் வரிசை வைத்திருந்தான்.

“அத்தை, அது உங்க...” என்றாள் கார்லா.

“கார்லா, பெட்டிய எடுத்து உள்ள வை,” என்றாள் வெல்மா.

“முட்டி உன்னைப் பாடாப் படுத்துச்சுன்னு எனக்குத் தெரியும்,” என்றான் ஆர்லோ. “குனிய முடியாம வருஷக்கணக்கா அப்படியே போட்டு வச்சிருந்தே. வாயத் தொறந்து கேக்க மாட்டே, வீம்புக்காரி. மூணு நாள் ஆச்சு. ஜூன் போனதுக்கப்புறம் இந்த மூணு நாள்தான் நான் படுத்ததும் தூங்கினேன்.”

வெல்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மரச்சீவலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு தண்டின் வெட்டுவாயில் ஒரு பெரிய வண்டுத்தேனீ உட்கார்ந்தது. எழுந்தது. திரும்ப அங்கேயே உட்கார்ந்தது.

“ரொம்ப நன்றி, ஆர்லோ,” என்றாள். “மூணு நாளா செஞ்சே?”

“இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

“உள்ள வா. காபி நீயே போடு. என்னால நிக்க முடியாது.”

முதல் வரைவில், அவன் போனபின் அவள் அழுததாக எழுதியிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: “வேர் இருக்கு. அடுத்த வருஷம் வந்துடும். ஆனா குளிர்காலத்துக்கு முன்னாடி அந்த வண்டுத்தேனீ ராணிங்க வயிறு நிறையத் தின்னாத்தான் வசந்தம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். செடி சாகல, சேத். இந்த வருஷம் செத்துப்போச்சு.”

வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பின் என்று சொன்னேன்.

5

வெல்மா எனக்கு நம்பும்படியாக இல்லை. பாத்திரமாகச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் கத்தும் பேருந்தை ஒரு அதட்டலில் அடக்கியவள், ஏழு வருட உழைப்பை அழித்தவனுக்கு நன்றி சொல்வாளா? அவளைக் கொஞ்சம் மென்மையானவளாக மாற்றிப் பார்த்தேன். அப்போது முட்டி வலிக்கு மாத்திரை வாங்க வருகிறவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். பழையபடியே விட்டுவிட்டேன்.

மே மாதம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் நம்பிக்கை வரலாம்.

மரச்சீவலைத் துளைத்துக்கொண்டு இதய இலைகள் வெளியே வந்தன. ஆர்லோ தோளில் களைக்கொல்லித் தொட்டியை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வெட்டினால் திரும்ப வரும் செடி, மருந்து அடித்தால் வராது.

“களை முளைக்குது, வெல்மா. நான் போட்ட சீவலையே கிழிச்சுகிட்டு வருது. திமிரப் பாத்தியா?”

“மருந்து வேண்டாம்.”

“ஏன்?”

“அந்த வாசனை எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“முட்டிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?”

“புது முட்டி, ஆர்லோ. அதுக்கு என்ன தெரியும்? விடு. என்னதான் வளருதுன்னு பாப்போம்.”

அவன் சிரித்துவிட்டுத் தொட்டியைக் கழற்றினான். அதுவும் அவளுக்காகத்தான். அவள் சொன்ன பொய் எண்ணிக்கையில் இரண்டாகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை அவன் வருவதும் காபி போடுவதும் நடந்துகொண்டே இருந்தன. அவன் பேச ஆரம்பித்திருந்தான். என் கடையில் வானிலை, பேஸ்பால், முட்டை விலை என்று வரிசை நகராதபடி பேசினான்.

6

இனி ஒரு பாத்திரத்தை மறைக்க முடியாது.

இந்தச் செப்டம்பரில், பூ முழுதாக வந்த வாரம், ஆர்லோ இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தான்.

“சேத், வெல்மா வீட்டுக் களை பூத்திருக்கு, தெரியுமா? சும்மா சொல்லக் கூடாது, பாக்க நல்லாத்தான் இருக்கு. களைக்கு வந்த வாழ்வைப் பாரு.”

“ஏழு வருஷம் வளத்தது. ஒருதரம் வெட்டினா போயிடுமா?” என்றேன்.

அவன் பர்ஸை மூடினான்.

“யாரு ஏழு வருஷம் வளத்தது?”

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். ஒரு வருடமாக என் மேசையில் இந்தக் கதை நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் சொல்ல மாட்டாள், அவனுக்குத் தெரியாது, எதுவும் நகரவில்லை. கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது. தேவைப்பட்டது அவர்கள் இருவருக்கும் அல்ல. [இதற்கு மேல் இந்தப் பத்தியை எழுத எனக்கு மனமில்லை.]

7

அவன் கடையிலிருந்து நேராக அவள் கதவைத் தட்டினான். இது வெல்மா சொன்னது.

“மிஸஸ் ஸ்டானிக்,” என்றான்.

“என்ன ஆர்லோ, புதுசா?”

(இங்கிருந்து அவன் பேச்சை ‘நீங்க’ என்று மாற்றியிருக்கிறேன். அவன் வாயில் அந்தச் சொல் இல்லை. ஆனால் அன்று அவன் அதைத்தான் சொன்னான்.)

“அது நீங்க நட்டதா?”

“ஆமா.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“ஒரு வருஷமா சர்ச்சுல, முடிவெட்டற கடையில, பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வெல்மா தோட்டத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன்னு. எல்லாரும் எனக்குப் பின்னாடி சிரிச்சிருப்பாங்க.”

“யாரும் சிரிக்கல. யாருக்கும் தெரியாது.”

“சேத்துக்குத் தெரியும்.”

வெல்மா கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். அவன் உள்ளே போகவில்லை.

“எதிர்ல உக்காத்தி வச்சுக் காபி குடிக்க விட்டீங்க. வாராவாரம்.”

“நான் வேற என்ன பண்ணணும்? இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நிக்கிறே.”

“திட்டியிருக்கணும். முப்பத்தொரு வருஷம் பக்கத்து வீடு. ஜூனா இருந்தா அன்னிக்கே வெளக்கமாத்த எடுத்திருப்பா. நானும் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு, அப்புறம் வந்து ஒரு நாத்தாவது நட்டுக் குடுத்திருப்பேன். பெண்டாட்டி செத்தவன்னு பாவம் பாத்தீங்க. ஒரு மனுஷன்கிட்ட கோபிச்சுக்கிற அளவுக்குக்கூட என்ன மதிக்கல.”

பிறகு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, தான் வைத்த வெள்ளைக் கல் ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டான். வெல்மா கதவுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து, ஒரு தண்டுகூட ஒடியாமல் எடுத்தானாம். அரைமணி நேரம் ஆயிற்று. “அந்த அரைமணியத்தான் என்னால மறக்க முடியல,” என்றாள்.

8

முடிவுகள்.

(அ) டிசம்பரில் ஒரு காலை. வெல்மா வாசலில் காலிப் பால் கேன்கள் வரிசையாக. ஆர்லோ கொண்டுவந்து வைத்தவை. [கண்ணில் நீர் வரும். ஆனால் அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அதற்கான மாத்திரையும் நான்தான் கொடுக்கிறேன்.]

(ஆ) ஆர்லோ வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போகிறான். புதிதாக வந்தவர்கள் ஓக் மரங்களை... [இல்லை. கோபத்தில் எழுதியது. என் மீதுள்ள கோபம்.]

(இ) வெல்மா ஒரு செடியை வேரோடு பெயர்த்து வாளியில் வைத்து அவன் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். [புது முட்டியோடு மண்வெட்டியை மிதிக்க வைத்தது நான். வாளியும் என்னுடையது.]

9

நடந்தது வரை சொல்கிறேன்.

சண்டை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பூ இன்னும் இருக்கிறது. பாதிப் பூக்களின் நடு சிவந்துவிட்டது. ஆர்லோ ஒருமுறை கடைக்கு வந்தான். மாத்திரையை வாங்கினான், போனான். வாய் திறக்கவில்லை.

இன்று மதியம் வெல்மா வந்தாள்.

“நீதானே சொன்னே?”

“நான்தான்.”

“வாய் தவறியா?”

“இல்லைன்னு நினைக்கிறேன்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பேருந்தின் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்க்கிற பார்வை.

“தப்பு பண்ணிட்டே. ஆனா எனக்கும் முடியல சேத், ஒரு வருஷமா அந்தக் காபி தொண்டையில எறங்கல,” என்றாள். பிறகு, “நாலு மணிக்கு அவன் வீட்டுக்குப் போறேன்.”

“மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?”

“எதுக்கு? அவனும் கேக்க வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். அன்னிக்கு நான் நன்றின்னு சொன்னது பொய் இல்ல. அந்தத் தரையப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அவன் மூஞ்சியப் பாத்தப்ப, ஒருத்தர் எனக்காக மூணு நாள் குனிஞ்சிருக்காரேன்னு இருந்துது. ரெண்டும் ஒரே நிமிஷம். ரெண்டும் நெசம். இத அவன் கதவச் சாத்தறதுக்குள்ள சொல்லி முடிக்கணும். ஒரே வாக்கியம். நீ எழுதறவனாமே. எழுதிக் குடு. நீ எனக்குக் கடன்பட்டிருக்கே.”

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ‘ஆர்லோ, நீ செய்தது எனக்கு வலித்தது, ஆனால்...’ ‘ஆனால்’ வந்ததுமே முதல் பாதி செத்துவிடுகிறது. மாற்றிப் போட்டேன். ‘ஆர்லோ, அன்று நான் உண்மையாகவே நன்றி சொன்னேன், ஆனாலும்...’ இப்போது இரண்டாவது பாதி குத்துகிறது. இரண்டையும் சம எடையில் நிறுத்தும் இணைப்புச்சொல் எனக்கு அவர்கள் மொழியிலும் கிடைக்கவில்லை, தமிழிலும் கிடைக்கவில்லை. அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். மடித்து என் பக்கமே தள்ளினாள்.

“மாத்திரையே குடு,” என்றாள்.

இப்போது மணி மூன்றே முக்கால். கடை ஜன்னல் வழியே அவள் கைத்தடியை ஊன்றி மேட்டில் ஏறுவது தெரிகிறது. அவள் வாயில் எந்த வாக்கியத்தையும் இந்த முறை நான் வைக்கப்போவதில்லை. இந்தக் கதையில் நான் பேசியது போதும். உங்களிடம் அப்படி ஒரு வாக்கியம் இருந்தால், அவள் அவன் கதவைத் தட்டுவதற்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. இடம் விட்டிருக்கிறேன்.

“ஆர்லோ, அன்னிக்கு நீ