சிக்கந்தரின் கேள்வி

அது ராணுவ ஆட்சிக் காலம். ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் ஊ தௌங் என்பவரை வட்டாரத் தலைவராக நியமிக்குமுன், மக்கள் அவரைக் கேள்வி கேட்கக் கூட்டம் போட்டார்கள். யார் எதைக் கேட்பது என்று அதிகாரிகளே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். குடைக்கடை சிக்கந்தருக்குக் கிடைத்தது தெருவிளக்கு பற்றிய கேள்வி.

"வம்பு வளர்க்காம, சொன்னதை மட்டும் கேட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி சாயிமா.

கூட்டத்தில் எழுந்து நின்றதும் சிக்கந்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாக்கடை அடைச்சுக் கடைக்குள்ள தண்ணி நிக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஊ தௌங் மனப்பாடம் செய்துவந்த பதிலைப் புன்னகையோடு ஒப்பித்தார்: "அடுத்த வாரமே எல்லா விளக்கும் எரியும்."

தப்பித்தோம் என்று முதலில் கைதட்டியவர் சிக்கந்தர்தான்.