பாதி தேய்த்த கல்

"வேணாம், ஹால்வர்! நிறுத்துங்க!" என்று ரக்னா கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்தே கத்தினாள்.

கிழவர் காதில் விழவில்லை. எண்பத்திரண்டு வயதில் ஈரப்புல்லில் முழங்கால் போட்டு, அவளுடைய அப்பா தோர்லைஃபின் கல்லைக் கம்பி பிரஷால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளியும் பச்சை சோப்பும். பாதிக் கல் வெளுத்துவிட்டது. மறுபாதியில் முப்பது வருஷத்துக் கல்பாசி சாம்பலும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ரக்னா ஓடிவந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டில் அவள் புருஷன் ஐவின்ட் கடைசி மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸை உட்காரவைத்துவிட்டு, குழிக்கு இடம் பார்க்க வந்திருந்தாள். அப்பாவின் பக்கத்து இடம்தான் குடும்பத்துக்கு மிச்சம்.

"ஐவின்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். கல்பாசியை யாரும் தொடக்கூடாதுன்னு முப்பது வருஷமா சொல்றார்."

"ஊரே வந்து நிக்கப்போகுது, பொண்ணே. உங்கப்பா மட்டும் முகம் கழுவாம கிடக்கணுமா?" என்றார் ஹால்வர். "அது சரி, மாமனாரையும் மருமகனையும் பக்கத்துல பக்கத்துல போடுறியே, சண்டை வந்தா யார் விலக்குறது?"

ரக்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐவின்டுக்கு நாற்பது வருஷமாக ஒரே வேலைதான். அவர்களுடைய துறைமுக ஊரின் ஆண்களெல்லாம் ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் போன தென்கோடித் தீவு இருக்கிறதே, அதில் முன்னொரு காலத்தில் பனி எதுவரை மூடியிருந்தது என்று கண்டுபிடிப்பது. பனி விலகிய பாறையில் கல்பாசி முளைக்கும், வருஷத்துக்கு இவ்வளவு என்று படரும். படர்ந்ததை அளந்தால் பனி விலகிய வருஷம் கிடைத்துவிடும். ஆனால் வருஷத்துக்கு எவ்வளவு? அதற்கு வருஷம் பொறித்த பழைய கல் ஒன்று வேண்டும். வேட்டை நிலையத்துக் கல்லறையில் இருந்ததெல்லாம் மரச் சிலுவைகள். ஒரே ஒரு கல்தான் இருந்தது. தோர்லைஃபின் அண்ணன் ஆன்டனுடையது, 1912. எழுபத்து நாலில் ஐவின்ட் அங்கே போய் அதிலிருந்த பாசியை அளந்து, அறுபத்திரண்டு வருஷ வளர்ச்சி என்று எழுதிக்கொண்டார். தீவின் வரைபடம் முழுக்க அந்த ஒரு கல்லின்மேல்தான் நின்றது.

"நாங்க தேய்க்காத தேய்ப்பா?" என்று, அப்பாவோடு வேட்டைக்குப் போன ஹால்வர் பிரஷுக்குக் கை நீட்டினார். "தீவுல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளானா இதே வேலைதான். சிலுவைக்கெல்லாம் வெள்ளை பெயின்ட். ஆன்டன் கல்லுக்கு பிரஷும் சோப்பும். உங்கப்பா வேற ஒருத்தனையும் தொட விடமாட்டார். எங்கண்ணன் முகம்டா, நான்தான் கழுவுவேன்னு சொல்வார். கடைசியா அறுபதுல நானும் கூட இருந்தேன். பளபளன்னு ஆக்கிட்டுத்தான் வந்தோம்."

ரக்னா ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஐவின்ட் அளந்தது அறுபத்திரண்டு வருஷத்துப் பாசியை அல்ல. பதின்மூன்று பதினாலு வருஷத்துப் பாசியை. அப்படியானால் வரைபடத்தில் போட்ட வருஷமெல்லாம் நாலைந்து மடங்கு அதிகம்.

"இதை அவர்கிட்ட நீங்க யாருமே சொல்லலையா?"

"அவர் எங்ககிட்ட எதைக் கேட்டார், பொண்ணே? அளக்கப் போனவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கல."

ஆனால் அப்பா ஒரு தடவை கேட்காமலே சொல்லியிருந்தார். எழுபத்தெட்டு கிறிஸ்துமஸ் விருந்தில், சுவரில் புதிதாக மாட்டிய வரைபடத்தைப் பார்த்து, "பனி தள்ளிக் குவிச்ச இந்தக் கல்வரப்புல பனி போய் இருநூத்தி நாற்பது வருஷமா? பதினைஞ்சு வயசுல நான் அங்க பனிச்சுவர்மேல முதுகைச் சாய்ச்சு காப்பி குடிச்சிருக்கேனே" என்றார். ஐவின்ட் விருந்தாளிகள் முன்னால், "தோர்லைஃப், நீங்க சாய்ஞ்சது பனிமேல இல்ல, பாட்டில்மேல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரக்னாவும் சிரித்தாள். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். செத்த நாள்வரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸை அனுப்பிவிட்டு, ஐவின்டின் உதடுகளை ஈரப்பஞ்சால் ஒற்றினாள். அவர் கண் திறந்தார்.

"சோப்பு வாசனை" என்றார்.

"எங்கப்பா கல்லை ஹால்வர் தேய்ச்சிட்டிருந்தார். நிறுத்திட்டேன்."

"நல்லது." பிறகு அவர் பார்வை எதிர்ச்சுவர் வரைபடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. திரும்பி அவள் கைகளைப் பார்த்தார்.

"ரக்னா. அங்கேயும் தேய்ச்சாங்களா?"

"எங்க?"

"தீவுல. ஆன்டன் கல்லை."

நாற்பது வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். பாவி மனுஷா, இதை எங்கப்பாவிடம் ஒரு தடவை கேட்டிருக்கக்கூடாதா என்று நினைத்துப் பஞ்சைப் பிழிந்தாள். ஆமாம் என்று சொன்னால் இந்த மனுஷன் வெறுங்கையோடு போவார். இல்லை என்றால் அப்பா இன்னொரு தடவை குடிகாரர் ஆவார்.

"இல்ல. திமிங்கிலத்தை அறுக்கவே அவங்களுக்கு நேரம் பத்தல. கல்லு தேய்க்க ஏது நேரம்?"

ஐவின்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்தவர்.

"அந்தப் படத்தைக் கழட்டிடு" என்றார் கடைசியில். "கண்ணாடில வெயில் பட்டுக் கண்ணு கூசுது."

வெளியே காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. ரக்னா நாற்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்துவைத்தாள். மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே மறுநாள் மத்தியானம் அவர் அடங்கினார்.

ஒரு வாரம் கழித்துப் புதைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர், தீவின் பனிக்கு வயது சொன்ன மனிதர் என்று உருக்கமாகப் பேசினார். ரக்னா தலையைக் குனிந்துகொண்டாள். காப்பிக்கும் சாண்ட்விச்சுக்கும் எல்லாரும் மாதாகோவில் கூடத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் நின்றாள். அப்பாவும் புருஷனும் கைநீட்டும் தூரத்தில் கிடந்தார்கள். இரண்டு பேரிடமும் அவள் இனி ஒன்றும் சொல்ல முடியாது.

வேலி ஓரமாக ஹால்வர் தயங்கித் தயங்கி வந்தார். கையில் வாளி.

"பாதியிலேயே நிக்குது, பொண்ணே. பார்க்க நல்லா இல்ல. விட்டுடட்டுமா?"

"பிரஷைக் குடுங்க."

கறுப்பு உடுப்போடு முழங்கால் போட்டாள். புதுமண் அவள் குதிகாலில் ஒட்டியது. மஞ்சள் பாசி முதலில் வரவில்லை. அழுத்தித் தேய்த்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்பாவின் பெயரில் கடைசி எழுத்து தெரியும்வரை அவள் நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, ஹால்வர்" என்றாள்.