ஓதோன் மலையின் உயரம்

ஓதோன் பிரபு எறிந்த மைக்கூடு உர்பேன் சீமானின் வாயைப் பதம் பார்த்தது. உடைந்த முன்பல், பாலைவன ஆய்வுக் கழகத்தின் நீண்ட மேஜைமேல் உருண்டுபோய் நின்றது. அந்த மேஜைக்கு வந்த கண்டுபிடிப்புகளில் யாரும் சந்தேகிக்க முடியாதது அது ஒன்றுதான்.

சீமான் சொன்னது இவ்வளவே: "சகாராவுல அப்படி ஒரு மலையே இல்லய்யா."

அந்த மலையின் பெயர் ஓதோன் மலை. பிரபுவின் பணத்தில் போன காப்டன் ஃபிர்மேன் கண்டுபிடித்தது. உச்சியில் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதித்தது என்று ஃபிர்மேன் எழுதி அனுப்ப, அதை வைத்துப் பிரபு பாரிஸில் உட்கார்ந்தபடியே உயரத்தைக் கணித்தார். பள்ளிக்கூட வரைபடத்தில்கூட ஏறிவிட்டது. பிள்ளையில்லாத மனிதர், பாட்டனார் தலை பிரெஞ்சுப் புரட்சியில் போயிற்று. இனி அந்தக் குலப்பெயரைத் தாங்க மிச்சமிருந்தது அந்த மலை மட்டும்தான்.

பல் போனால் வாள் சண்டை. சேன் நதித் தீவொன்றில், உணவு விடுதிக்குப் பின்புறம் இடம் குறித்தார்கள். வழக்கமாக ஒரு கீறல் விழும், வைத்தியர் தலையசைப்பார், இரு தரப்பும் சேர்ந்து சாப்பிடப் போகும். விடுதிக்காரர் விலாங்கு மீனை ஒயினில் வேகவைத்துத் தயாராக இருந்தார்.

பிரபுவுக்குச் சாட்சியாக வந்த ஃபிர்மேன், அவர் கழற்றிய கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"பிரபு, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு."

"அப்புறம் கேக்க நீங்க இருப்பீங்களோ என்னவோ. அந்த மலைய நான் பாக்கலைங்க. வழியில சுமைகூலிங்க சுருண்டு விழுந்தானுங்க. எந்திரிடான்னு சவுக்கால விளாசினேன். ஒருத்தன் கத்திய எடுத்து விரலை வெட்டிட்டான். அவனைச் சுட்டுட்டேன். மலையில்லாம வந்தா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"தண்ணி கொதிச்ச கணக்கு?"

"தண்ணியே இல்லைங்களே, பிரபு."

பிரபு நிதானமாகச் சட்டைக் கையை மடித்தார். "கணக்கு நான் போட்டது. தப்பா இருக்காது. வாளைக் குடு."

முதல் வீச்சிலேயே பிரபுவின் முழங்கை கிழிந்தது. வைத்தியர் பையைத் திறந்தார். சீமான் ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

"கௌரவத்தைக் கழுவியாச்சு, வாய்யா. மீன் ஆறுது. மலை இல்லைன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு."

பிரபு பாய்ந்தார். சீமானின் காது பாதி அறுந்து தொங்கியது. சீமான் சிரிப்பை விட்டுவிட்டுப் பிரபுவின் தொடையில் வாளைச் செருகி உருவினார். "நிறுத்துங்க!" என்று சாட்சிகள் கத்தினார்கள். யார் கேட்டார்கள்? ரத்தச் சேற்றில் வழுக்கிய பிரபு, மார்பை நோக்கி வந்த வாளை இடது கையால் பிடித்தார். அது விதிமீறல். எலும்புவரை அறுந்தும் விடவில்லை. வலது கை, சீமானின் விலாவுக்குக் கீழே வாளைக் கைப்பிடிவரை இறக்கியது.

"மலை... இல்ல," என்று ரத்தத்தைக் கக்கியபடி சீமான் சரிந்தார். சாகும்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

மீனை யாரும் தொடவில்லை.

பிரபுவின் இடது கையில் இரண்டு விரல்களை வைத்தியர் எடுத்துவிட்டார். காய்ச்சலோடு கிடந்தவரைக் காணக் கழகத்தின் செயலாளர் துக்கத்துக்குக் கறுப்புப் பட்டை கட்டி வந்தார்.

"உறுப்பினர் ஒருத்தர் போயிட்டாரு, பிரபு. நினைவா ஏதாவது செய்யணுமில்ல? கொன்னவர் பேருல மலை நின்னா செத்தவரோட சம்சாரம் மனசு என்ன பாடுபடும்? அதனால ஒருமனதா முடிவு பண்ணிட்டோம். இனிமே அது உர்பேன் மலை."

பிரபு துள்ளி எழப் பார்த்தார். தொடையில் போட்டிருந்த கட்டை மீறி ரத்தம் பொங்கியது.

"யோவ்! அப்படி ஒரு மலையே இல்லய்யா!"

செயலாளர் கட்டிலருகே இருந்த மைக்கூட்டை எடுத்து, எட்டாத தூரத்தில் வைத்தார்.

"உயரத்தை மட்டும் மாத்தல, பிரபு. உங்க கணக்கு தப்பா இருக்காதுல்ல?"