நவரட்ணத்தின் கணக்கில் இரண்டு பேர்

நவரட்ணம் இறந்து பல மாதங்களுக்குப் பிறகு, அவருடைய பேஸ்புக் கணக்கிலிருந்து வெயில் கண்ணாடி விளம்பரம் ஒன்று வந்தது. பாதி விலை, இன்றைக்கு மட்டும்.

மோர்னிங்சைட் பகுதித் தமிழர்களின் பேஸ்புக் குழுமத்தைக் கவனித்துக்கொள்ளும் இருவரில் ஒருத்தி சுபாங்கி. மற்றவன் பிரியந்தன். விளம்பரத்தை முதலில் கண்டது அவள்தான். பஸ் சாரதியாக இருந்த நவரட்ணம், பனிக்காலத்தில் எந்த ரோட்டு வழுக்குது என்று குழுமத்தில் எழுதிவைப்பார். அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். சுபாங்கி அதைப் பிளொக் பண்ணப் போனபோது அதே கணக்கிலிருந்து இன்னொரு பதிவு வந்தது.

‘எல்ஸ்மியர் ரோட்டு இறக்கத்தில ஐஸ். மெல்லமாப் போங்கோ.’

வெளியே அவளுடைய கார்க் கண்ணாடி முழுக்க ஐஸ் பிடித்திருந்தது. பிரியந்தனை அழைத்தாள்.

“பழைய பதிவைக் கொப்பி பண்ணிப் போடுறாங்கள்,” என்றான் அவன். “உண்மையான ஆள் மாதிரிக் காட்டத்தான். யோசிக்காம பிளொக் பண்ணும்.”

“தேடிப் பாத்திட்டன். அவர் எல்ஸ்மியரைப் பற்றி ஒருநாளும் எழுதேல்லை.”

“அப்ப ஆர் எழுதினது?”

“அதுதானே எனக்கும் விளங்கேல்லை. அது தெரியுமட்டும் பிளொக் பண்ணேல்லை.”

மத்தியானத்துக்குள் இன்னும் சில விளம்பரங்கள் வந்தன. நடுவில், ‘ஐஸ் கரைய உப்புப் போட்டிட்டாங்கள், இப்ப பரவாயில்லை’ என்று ஒரு பதிவு. ஆட்கள் ஒன்றுக்குத் திட்டினார்கள், மற்றதற்கு நன்றி சொன்னார்கள். எங்கேயோ இருக்கிற கள்ளனுக்கு இங்கே உப்புப் போட்டது எப்படித் தெரியும்? சுபாங்கிக்கு வேலை ஓடவில்லை.

வேலை முடிந்து நேரே நவரட்ணத்தின் மனைவி யோகமலரிடம் போனாள். கதவைத் திறந்தவரின் கையில் புருஷனுடைய போன் இருந்தது. சுபாங்கி ஐஸ் பதிவைப் பற்றிக் கேட்டாள்.

“நான்தான் பிள்ளை எழுதினனான். பல்கனியில நிண்டா அந்த இறக்கம் தெரியும். காலமை ஒரு கார் சறுக்கி மதிலோட முட்டினது. ஆருக்குச் சொல்லுறது? இவற்ற போன் கிடந்துது.”

“கண்ணாடி விக்கிறதும் நீங்களோ அன்ரி?”

“என்ன கண்ணாடி?”

சுபாங்கி காட்டினாள். யோகமலரின் முகம் மாறியது. “உவன் ஆர், இவற்ற பேரில கடை போட?”

இருவருமாகப் பாஸ்வேர்டை மாற்றிக் கள்ளனை வெளியேற்றினார்கள். பிறகுதான் சுபாங்கிக்கு உண்மையான குழப்பம் வந்தது. இன்னொருவர் பெயரில் எழுதக்கூடாது என்பது குழுமத்தின் விதி. அதை இந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

“அன்ரி, உங்கட பேரில எழுதுங்கோவன்.”

“என்ர பேரை ஆருக்குத் தெரியும்? அவர் சொன்னாத்தான் கேப்பினம்.”

ஆனாலும் சுபாங்கி யோகமலருக்குப் புதுக் கணக்கொன்று திறந்துகொடுத்தாள். நவரட்ணத்தின் கணக்கை மூடாமல் அப்படியே விட்டாள்.

மறுநாள் காலை யோகமலரின் முதல் பதிவைக் பேஸ்புக்கே தானாக ஸ்பாம் என்று ஒதுக்கிவைத்தது. படமில்லை, நண்பர்கள் இல்லை, கணக்குக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சுபாங்கி அதை விடுவித்துவிட்டு வேலைக்குக் காரெடுத்தாள். ஒபிசில் இறங்கிப் பார்த்தால் பதிவைக் காணோம். பிரியந்தனிடம் கேட்டாள்.

“புதுசா ஒரு போலிக் கணக்கு. தூக்கிட்டன்,” என்றான் பிரியந்தன்.

“ஐயோ, அது யோகமலர் அன்ரி!”

“பாத்தா எப்பிடித் தெரியும்?”

உண்மைதான், அவளுக்கும் தெரிந்திருக்காது. பதிவைத் திரும்பப் போட்டு, கீழே ‘இவவை எனக்குத் தெரியும்’ என்று எழுதினாள். அதற்குள் யோகமலர் அழைத்துவிட்டார்.

“நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ பிள்ளை?”

“இல்லை அன்ரி. பிழை எங்கட.”

“அப்ப நாளைக்கும் இறக்கத்தைப் பாத்து எழுதட்டே?”

“ஓம் அன்ரி, எழுதுங்கோ.”