ஒன்றரைச் சுற்று

சவுரிராயன் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். கால் தரையில் கிறீச்சிட்டது. அதன்மேல் விரித்திருந்த செய்தித்தாளிலிருந்து ஸ்பிரிங் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

“யாரு மேசையில கை வச்சது? வைங்க கீழ!” உள்ளறையிலிருந்து அமலோற்பவமேரியின் குரல்.

அண்ணி சொன்னதும் வைத்துவிட்டார். வெளியே தகரக் கொட்டகையில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அவருடைய அண்ணன் இன்னாசிராஜ் கிடந்தார். விடியற்காலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உயிர் போய், பத்து மணிக்குத் திண்டிவனம் வந்து சேர்ந்தாயிற்று. மே மாத வெயில். பெட்டி கூடத்துக்குள் வரவேண்டுமானால் மேசை வெளியே போக வேண்டும். அந்த வாசலில் மேசை போக வேண்டுமானால் பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். சாய்த்தால் மேலே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். மேலே இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு, அதுவும் பாதி பிரித்துப் போட்டது.

“மெர்லின், நீயாச்சும் உங்கம்மாவுக்குச் சொல்லும்மா,” என்றார் சவுரிராயன். “பெட்டிக்காரரு மிஷினு சூடாவுதுன்னு பேஜாரு பண்றாரு. நாலு மணிக்கு ஃபாதர் வந்துடுவாரு. சொந்த வீட்டுக்குள்ள ஒரு தடவ வைக்காம அண்ணன எப்டி எடுத்துக்கினு போறது?”

மெர்லின் உள்ளே போனாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்திலிருந்து வந்ததிலிருந்து அழவில்லை.

“அம்மா, எல்லாத்தையும் ஒரு கவர்ல வாரிப் போட்டுடறேன்.”

“வாரிப் போட்டா எது எங்கன்னு யாருக்குத் தெரியும்? ‘யாரும் தொடாதீங்க, வந்து மாட்டிக்கிறேன்’னு சொல்லிட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல ஏறினாரு.”

“எங்கம்மா வந்து மாட்டப் போறாரு?”

சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது மெர்லினுக்கு. ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. செத்த பிறகும் இந்தக் கீபோர்டு இந்த மனிதரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறதே!

தொண்ணூற்று மூன்றில் சென்னையில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டதை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அம்மா கூலிக்குப் பத்திரமும் மனுவும் அடித்தது அதில்தான். பத்தொன்பது வருஷமாக வீடு முழுக்க டக்கு டக்கென்று சத்தம். கீ தேயும், அப்பா பிரிப்பார், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார், யாரும் தொடாத மூலைக் கீயின் சுவிட்சைப் பிடுங்கித் தேய்ந்த இடத்தில் பற்றவைப்பார். முதல் சம்பளத்தில் மெர்லின் வாங்கி வந்த புதுக் கீபோர்டு இன்னமும் பீரோவின் மேல் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. “அதுல தட்டினா சோத்துல விரல வச்ச மாதிரி இருக்குது,” என்றார் அப்பா. கஞ்சன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“என்னாம்மா பண்ணப் போற?”

“மாட்டப் போறேன் சித்தப்பா. வேற வழி?”

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அப்பனை வெளியே போட்டுவிட்டு மகள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறாள். பார்க்கட்டும்.

பிரித்திருந்தது முப்பத்தொரு கீ. அடிப்பாகங்கள் பலகையிலேயே இருந்தன. செய்தித்தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, ஒரு மூடி என வைத்து, அருகில் பால்பாயிண்ட் பேனாவால் அதன் எழுத்தை எழுதியிருந்தார். இவ்வளவு ஒழுங்கு இருந்த மனிதர் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நேரத்துக்குப் போட்டதில்லை. அவள் கீழே விழுந்த ஸ்பிரிங்கைத் தேடி எடுத்தாள். ஸ்பிரிங்கை நிறுத்தி, தண்டைச் செருகி, மூடியை டக்கென்று விழும்வரை அழுத்தினாள். நாலைந்து கீக்குப் பிறகு கை வேகம் பிடித்தது.

கடைசியாக ஒரு குழி மிஞ்சியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி விழும் கீ. தமிழில் அது இல்லாமல் ஒரு வரி நகராது. வலது சுண்டுவிரல் நாள் முழுக்க அதைத்தான் அழுத்தும். அதற்குரிய இடத்தில் தண்டும் மூடியும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் மூன்று ஸ்பிரிங்குகள், மூன்றும் நறுக்கப்பட்டவை, வேறு வேறு உயரம். பக்கத்தில் அப்பாவின் கோணல் எழுத்து:

‘ஒரு சுற்று வெட்டியது – கனம். இரண்டு – எழும்பவில்லை. ஒன்றரை – ? அமலியிடம் கேட்க வேண்டும்.’

மெர்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் அந்தச் சுண்டுவிரல் கணு இரண்டு வருஷமாக வீங்கிக் கிடப்பது அவளுக்கும் தெரியும். ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த விரலுக்காகத்தான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே இந்த மனிதர்! கஞ்சன் என்று அவள் கத்தியபோதாவது சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடு உயர ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினாள்.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அம்மாவின் மடியில் வைத்தாள்.

“இத அழுத்திப் பாரு. கனமா இருக்குதா, சரியா இருக்குதான்னு அப்பா உன்ன கேக்கணும்னு எழுதி வச்சிருக்காரு.”

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கீபோர்டைப் பார்த்தாள். வீங்கிய விரலை அந்தக் கீயின்மேல் வைத்து ஒரு முறை அழுத்தினாள். இன்னும் இரண்டு முறை.

“இது போதும்,” என்றாள். “நேத்தே கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன். இங்கதான உக்காந்துக்கினு இருந்தேன். வாயத் தொறந்து கேட்டாரா பாரு உங்கப்பா.”

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

“மேசைய எடுங்க சித்தப்பா,” என்றாள் மெர்லின்.

நான்கு பேர் மேசையைச் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். பெட்டி உள்ளே வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தலைமாட்டில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மடியில் இருந்த கீபோர்டை வாங்க சவுரிராயன் கையை நீட்டினார், அவள் தரவில்லை. அதன் ஒயர் தரையில் சும்மா கிடந்தது.

ஜெபமாலை மறுபடி தொடங்கியது. மற்றவர்கள் மணிகளை உருட்டினார்கள். அம்மாவின் சுண்டுவிரல் அந்த ஒரு கீயை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டது. ஒவ்வொரு முறையும் அது எழும்பி வந்தது.