நாலு பேருக்கு ஒரே வரிசை

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரைக் கணக்கு சார் என்று யாரும் சொல்வதில்லை. டைம்டேபிள் சார் என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் ஆய்வகத்தின் நீள மேஜையில் பெரிய அட்டையைப் பரப்பி, எந்த வகுப்புக்கு எப்போது யார் போவது என்று கட்டம் போட்டு நிரப்புகிறவர் அவர்தான். அவரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை, சொன்னால் அந்த வேலை தன் தலையில் விழுந்துவிடுமோ என்கிற பயம்தான். வரலாறு எடுக்கிற எனக்கு எப்போதும் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடைத்தான் ஒதுக்குவார். பாதி வகுப்பு தூங்கும். மீதிப் பாதி, தூங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கும். ஏன் சார் இப்படி என்று கேட்டால், "உங்க குரல்தான் டீச்சர் கணீர்னு இருக்கு, வேற யாராவது போனா மொத்த வகுப்பும் படுத்துடும்" என்பார். ஐஸ் வைப்பதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன விடுமுறைக்கு அவர் குடும்பத்தோடு ஒரு கடற்கரை ஊருக்கு விமானத்தில் போக ஏற்பாடு செய்தார். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய பிறகு, உட்கார்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தனியாகப் பணம் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி வெகுண்டெழுவார்.

"டிக்கெட் எதுக்கு வாங்கறோம்? உக்காரத்தானே? பின்ன என்ன, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டா வருவோம்?" என்று ஆசிரியர் அறையில் எல்லாரையும் கேட்டார். நாங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம்.

அவருடைய உபாயம் இதுதான். வீட்டில் இருந்தபடியே போனில் இடம் பதிவு செய்கிற வேலை கூடாது, அது வலை. நாமாகப் போய் இடம் கேட்டால்தான் விமானக் கம்பெனிக்காரன் விலை சொல்வான். கேட்காமல், விமான நிலையத்தில் கவுண்டர் திறக்கும்போது முதல் ஆளாகப் போய் நின்றுவிட வேண்டும். அங்கே இருப்பவர்கள் மனிதர்கள். நாலு நல்ல வார்த்தை பேசினால் நாலு இடத்தையும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு முன்னால் இரண்டொரு பயணத்தில் இது பலித்தும் இருக்கிறது. அதிலிருந்து தலை கால் புரியவில்லை.

கஞ்சத்தனம் என்று நானும்தான் நினைத்தேன். மனிதருக்கு வேறு ஒரு ஆசையும் இருந்தது. அவர் மனைவிக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை, இந்த வாரம் காலை, அடுத்த வாரம் ராத்திரி. மகன் காப்பீட்டுக் கம்பெனியில் இருக்கிறான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான், அதைக் கழற்றாமலே மறுநாள் கிளம்புவான். மகள் பிசியோதெரபி முடித்துவிட்டாள். தூர ஊரில் வேலை கிடைத்து, விடுமுறை முடிந்த கையோடு கிளம்புகிறாள். அந்த வீட்டில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் எல்லாருடைய போனும் செத்துக் கிடந்த அன்றைக்குத்தானாம்.

"மூணு மணி நேரம் டீச்சர்," என்றார் என்னிடம். "எவனும் எந்திரிச்சுப் போக முடியாது. கதவைத் திறந்தா ஆகாசம். பொண்ணு வேலைக்குப் போயிட்டா, இனிமே நாலு பேரும் ஒரே வரிசையில உக்கார எப்ப வாய்க்குமோ."

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் அவர் நல்ல தகப்பன், கதையும் இல்லை. ஆனால் அவர் டைம்டேபிள் சார் ஆயிற்றே. கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் பயணத்துக்கான டைம்டேபிள் ஒன்றைப் போட்டார். விமானத்தில் ஒரு பக்கம் மூன்று இடம், நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு இடம், ஆக நாலு பேர். விமானம் மேலே ஏறி இடுப்புப் பட்டையைக் கழற்றச் சொன்னதும் முதல் பீரியட். அவர் பக்கத்தில் மகன், பாடம்: எத்தனை நாளைக்கு இதே சம்பளம், அடுத்து என்ன படிக்கப் போகிறாய். இரண்டாவது பீரியட் மகள். புது ஊரில் தங்குமிடம், சேமிப்பு, கல்யாணம் பற்றி அபிப்பிராயம். மூன்றாவது பீரியட் மனைவி. காலை நடை, சர்க்கரை அளவு, அவள் தம்பியின் போக்கு. நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவருக்கு ஓய்வு பீரியட். நடு நடுவே தண்ணீர் குடிக்க இடைவேளை. எல்லாரும் விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று டிக்கெட் எண்ணையும் கீழேயே போட்டுவைத்தார்.

மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினான். மனைவி கும்பிடு போட்டாள். மகள் "சரிப்பா" என்றாள். அந்தக் குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் தலையாட்டியது கிடையாது. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆட்சேபம் ஏதும் இல்லாமல் டைம்டேபிள் நிறைவேறிய பூரிப்பில் இருந்தவருக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

விமான நிலையத்துக்கு இருட்டு விலகுவதற்கு முன்பே எல்லாரையும் கிளப்பிக் கொண்டுபோய்விட்டார். கவுண்டரில் விளக்குகூடப் போடவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இவர்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். மனைவி மக்களைப் பெட்டிகளோடு தூரத்து நாற்காலிகளில் உட்காரச் சொல்லிவிட்டு, நாலு பேருடைய அடையாள அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டில் முதல் ஆளாக நின்றார்.

கவுண்டருக்கு வந்தது ஒரு சின்னப் பெண். அவர் முதலில் காலை வணக்கம் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் எழுந்து வேலைக்கு வருவது எவ்வளவு சிரமம் என்றார். தனக்கும் இதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள், வேலைக்காக ஊரை விட்டுப் போகப் போகிறாள் என்றார். கடைசியாக, "நாலு பேரும் ஒரே வரிசையில இருந்தா நல்லா இருக்கும்மா," என்று முடித்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சுதான். ஆனாலும் கடைசி வரியில் குரல் கரகரத்தது நிஜம் என்று அவரே சொன்னார்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "சார், உங்களுக்கு மட்டும்தான் சீட் போடணும். மத்த மூணு பேருக்கும் ஏற்கனவே இருக்கு."

"உங்க கம்ப்யூட்டர் பிரிச்சுப் போட்டிருக்கும்மா. அதை மாத்தறதுக்குத்தான் முதல் ஆளா வந்து நிக்கறேன்."

"கம்ப்யூட்டர் போடல சார். அவங்களே காசு கட்டி எடுத்திருக்காங்க."

"மூணு பேரும் சேர்ந்தா?"

"இல்ல சார். தனித்தனியா, வேற வேற நாள்ல. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் இறக்கைகிட்ட, ஒருத்தர்..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குடும்பத்தைப் பிரித்துப் போட்டதற்குச் சண்டைக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். குடும்பமே பணம் கட்டிப் பிரிந்து உட்கார்ந்தால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் மூன்று பேரும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வரிசை. அவர் போய் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு நின்றுபோயிருக்கும் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் முதல் முதலாகத் தோன்றியதாம்.

"ஒருத்தர் பண்ணியிருந்தா கோபம் வந்திருக்கும் டீச்சர்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "மூணு பசங்க ஒரே விடை எழுதினா ஒண்ணு காப்பி அடிச்சிருக்கணும், இல்ல விடை சரியா இருக்கணும். இவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல."

கவுண்டர் பெண் மெதுவாக, "உங்களுக்குக் கடைசி வரிசை நடு சீட் வருது சார். போட்டுடவா?" என்றாள்.

"என் பொண்ணு பக்கத்துல எதாவது காலியா இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அந்த வரிசை முழுக்கவே காசு சீட். கால் நீட்ட எடம் ஜாஸ்தி."

"நான் கால் நீட்டல. மடக்கியே வெச்சுக்கறேன். குறைச்சுப் போட முடியுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். அவர் ஆயுளில் இதற்காக அது வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

குடும்பத்திடம் வந்து, "ரொம்பப் போராடினேன். ஒண்ணும் நடக்கல. ஆளுக்கொரு மூலையா போட்டுட்டாங்க," என்றார்.

"அநியாயமா இருக்கே," என்றாள் மனைவி.

"இவங்க எப்பவுமே இப்படித்தான்ப்பா," என்றான் மகன்.

மகள் குனிந்து பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். அவள் என்னிடம் படித்தவள். விடுமுறை முடிந்து, வேலை கிடைத்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்திருந்தாள். மீதி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், நடைவழியில் அப்பா. இடது கையில் பை, வலது கையில் போர்டிங் பாஸ். எண்ணைப் பார்த்துப் பார்த்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, நீங்க எப்படி இங்க?"

"கேட்டுப் பாத்தேன். சும்மாவே குடுத்துட்டாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலவச சீட் ஒன்றுகூட இல்லாத வரிசையாகத் தேடித் தேடித்தான் அவள் எடுத்திருந்தாள். உலகமே புரண்டாலும் அப்பா காசு கட்டி அங்கே வர மாட்டார் என்கிற தைரியம்தான். அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அது பொய்யென்றால், தான் செய்ததும் அவருக்குத் தெரியும். என்ன செய்வாள். "நல்லதாப் போச்சுப்பா" என்றாள்.

விமானம் மேலே ஏறியது. பட்டையைக் கழற்றலாம் என்றார்கள். முதல் பீரியடுக்கு உரிய மகன் எங்கோ பின்னால் இருந்தான், ஆகவே தன்னிடம்தான் ஆரம்பிப்பார் என்று அவள் காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் ஆரம்பிக்கவில்லை. முன் சீட்டின் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் படித்தார். திருப்பி வைத்தார். கைகளை மடிமேல் சேர்த்து வைத்துக்கொண்டார். தங்குமிடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சேமிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, என்னமோ கேக்கணும்னு சொன்னீங்களே. கேளுங்க."

"ஒண்ணுமில்லம்மா. நீ பாட்டுக் கேளு. சும்மா பக்கத்துல உக்காரலாம்னுதான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். விடியற்காலைக்கு முன்பே எழுந்த உடம்பு. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து அவள் தோளில் வந்து விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்த பெண் பார்த்துவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டிப் போனாள். தோள் மரத்துப் போனது. அவள் அசையவில்லை.

"எழுப்பலாமான்னு எத்தனையோ தடவை நெனச்சேன் டீச்சர்," என்றாள் என்னிடம். "இனிமே எப்ப இவ்வளவு நேரம் கெடைக்கும்னு தோணிச்சு. ஆனா எழுப்பி என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல."

தரை இறங்கும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.